மெரூன் கோடு

9 ஜூன், திங்கள்

திருச்சபையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

ரோல் கால் முடிந்ததும் டி.எஸ்.பி. இளம்பரிதி அய்யா கூப்பிட்டனுப்பினார். படைக்குப் புது பிஸ்டல் வாங்கப் போகிறார்கள். மூன்று கம்பெனிகள் மாதிரி அனுப்பியிருக்கின்றன. டூட்டிக்கும் அதுதான், போலீஸ் போட்டிக்கும் அதுதான். முழு அளவு, ஒன்பது எம்.எம்., மேலே டாட் சைட் மாட்டுவதற்கு, சுடும்போது முன்பின் நகரும் ஸ்லைடிலேயே வெட்டு. டாட் சைட் என்பது கட்டைவிரல் அகலக் கண்ணாடி. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கே உட்காருகிறதோ, குண்டு அங்கே போகும். போக வேண்டும்.

சைட் மாட்டுவது, பராமரிப்பது, எது தேவலை என்று அறிக்கை எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஆயுத அறையில் எண்ணெய் நாற்றத்தோடு இருக்கிறவனைக் கேட்கிறார்களே, சந்தோஷம்தான். சுட்டுப் பார்க்க இரண்டு பேர் வேண்டும் என்றார். போட்டிகளில் சுடுகிற மகாராஜன் பெயரை அவரே சொன்னார். இன்னொரு பெயர் நான் சொன்னேன், செண்பகவல்லி.

"ஏட்டு, அந்தப் புள்ள இப்பத்தானே பிரசவ லீவு முடிஞ்சு வந்துச்சு?"

"கை மறக்காது அய்யா."

இந்தச் சோதனையில் எடுக்கிற மார்க்தான் மாநில அணித் தேர்வுக்கும் கணக்காம். எங்கள் பக்கத்திலிருந்து பெண்களுக்கு ஒரே ஓர் இடம். நாற்பதுக்கு முப்பத்தாறு எடுத்தால் போதும். செண்பகவல்லி லீவுக்கு முன்னால் தூக்கத்தில் சுட்டால்கூட முப்பத்தெட்டு எடுப்பாள்.

12 ஜூன், வியாழன்

பெட்டி பிரித்தோம். எந்தக் கம்பெனி என்று தெரியக் கூடாதென்று பெயரின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, அ, ஆ, இ என்று எழுதியிருக்கிறார்கள்.

அ: பிடி பருமன். தேங்காயைப் பிடித்த மாதிரி இருக்கிறது. விசை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது, எப்போது வெடிக்கும் என்று அதற்கே தெரியாது.

இ: பார்க்க மாப்பிள்ளை. ஆனால் பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் சைட்டையே கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்பக் குறி சரிபார்க்க வேண்டும். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் யார் அதைச் செய்துகொண்டிருப்பது?

ஆ: சைட் தாழ்வாக உட்காருகிறது. அடியில் முளைகள் இருப்பதால் கழற்றி இறுக்கினாலும் குறி பழைய இடத்துக்கே வருகிறது. பேட்டரி மேலிருந்தே மாற்றலாம். பிடியின் பின்பக்கம் மூன்று அளவில் மாற்றுத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆ பிடித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

செண்பகவல்லி மதியம் வந்தாள். கோவில்பட்டிக்காரி, இருபத்தேழு வயது. குழந்தைக்கு ஏழு மாதம். சின்னத் துண்டைப் போட்டுக் கொடுத்ததும் பிடித்துப் பார்த்து, சுவரை நோக்கி நீட்டி, ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"ஏட்டய்யா, இது என் கைக்குன்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு."

"வாயை மூடு. அறிக்கை எழுதுறதுக்கு முன்னால நீயே முடிவு சொல்லாத."

சிரித்தாள்.

16 ஜூன், திங்கள்

சைட் மாட்டும் வேலை. இதில் என் முறை ஒன்று உண்டு. முதலில் திருகாணி மரையில் ஒரு சொட்டு நீலப் பசை. பிறகு முறுக்களவு ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குவது. சொன்ன அளவு வந்ததும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். கடைசியாகத் திருகாணித் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. திருகாணி கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். என் மனைவி பியூலாவின் மெரூன் நெயில் பாலிஷ்தான் பல வருடமாக. அவள் விரலுக்குப் போட்டதைவிடத் துப்பாக்கிக்குப் போட்டதுதான் அதிகம் என்பாள்.

அ-வுக்கும் இ-க்கும் பசை போட்டு முறுக்கியாயிற்று. இரண்டுக்கும் டிக் சத்தம் அழகாகக் கேட்டது. ஆ-வைக் கையில் எடுக்கும்போது வயர்லெஸ் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டான். ஆன்டெனா கழன்றுவிட்டதாம், டிரைவர் பத்து நிமிடத்துக்கு வேண்டுமாம். கொடுத்தேன். பத்து நிமிடம் என்றவன் மத்தியானமாகியும் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அய்யா கேமராவோடு வந்துவிட்டார். தலைமையகத்துக்கு அனுப்பும் ஃபைலில் போட்டோ வைக்க வேண்டுமாம். "எல்லாத்துலயும் கோடு தெரியணும் ஏட்டு. மாட்டி முடிச்சாச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்." ஆ-வைச் சாதாரண டிரைவரால் கை பலத்துக்கு இறுக்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். போட்டோ எடுத்தார். முறுக்களவு டிரைவர் வந்ததும் பசை வைத்து ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

17 ஜூன், செவ்வாய்

வயர்லெஸ்காரர்கள் டிரைவரைத் திருப்பித் தந்தார்கள். பியூலாவுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

18 ஜூன், புதன்

மூன்றுக்கும் குறி சரிபார்த்தோம். ஒவ்வொன்றிலும் பத்து குண்டு. எல்லாம் நன்றாக உட்கார்ந்தன. கோடுகள் மூன்றும் முழுசாக இருந்தன. பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரசம் சாதம் கேட்டாள், நானே வைத்தேன். உப்பு அதிகம்.

19 ஜூன், வியாழன்

முதல் நாள் சோதனை. தலைமையகத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கிளிப் வைத்த அட்டை. மகாராஜனுக்கு அ, செண்பகவல்லிக்கு ஆ. நாளைக்கு மாற்றிக்கொள்வார்கள். இ-யின் முறை அதற்குப் பிறகு.

மகாராஜன் முப்பத்தேழு.

செண்பகவல்லி முதல் பத்தும் உள்ளே. இரண்டாவது பத்தில் இரண்டு இடதுபக்கம் போயின. மூன்றாவது பத்தில் ஆறு வெளியே. கடைசிப் பத்தில் இரண்டே இரண்டு உள்ளே. மொத்தம் இருபத்துநான்கு. ரேஞ்சில் காற்று அதிகமாக இருந்தது. ஆனிக் காற்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பத்தின் நடுவில் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காது மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தலையாட்டினேன். திரும்பிக்கொண்டு சுட்டாள்.

இன்ஸ்பெக்டர் அட்டையில் எழுதிக்கொண்டே, "பச்ச உடம்புக்காரிய கொண்டாந்து நிறுத்துனா இப்படித்தான்" என்றார். அவளுக்குக் கேட்டிருக்காது. காது மூடி போட்டிருந்தாள்.

சாயங்காலம் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து வைத்தேன். நெயில் பாலிஷ் பாட்டில் காய்ந்துவிட்டது. ஆறு மணிக்குக் கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

20 ஜூன், வெள்ளி

மகாராஜன் ஆ-வில் முப்பத்தொன்பது எடுத்தான். அய்யாவுக்கு வாயெல்லாம் பல். "துப்பாக்கி தங்கம் ஏட்டு. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து அந்தப் புள்ள கையிலதான் கோளாறு போல" என்றார்.

செண்பகவல்லி அ-வில் முப்பத்தொன்று. விசையை இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தன் கையையே பார்த்தாள். சுடத் தெரிந்தவர்கள் யாரும் கையைப் பார்க்க மாட்டார்கள்.

21 ஜூன், சனி

பியூலா அலமாரியில் புது பாட்டிலைப் பார்த்துவிட்டாள். "யாருக்குங்க இது? நான் என்னைக்கு ரோஸ் போட்டேன்?" என்று கேட்டாள். துப்பாக்கிக்கு என்றேன். ட்யூப் லைட்டில் பழையதும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

25 ஜூன், புதன்

செண்பகவல்லி ஆயுத அறைக்கு வந்தாள். உள்ளே வராமல் கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"மன்னிச்சிருங்க ஏட்டய்யா. நீங்க நம்பி பேரு சொன்னீக. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"வீட்ல செங்கலப் பிடிச்சு நீட்டிக்கிட்டு நிக்கேன். அஞ்சு நிமிசம் நிக்கத்தான் செய்யுது. அப்ப நடுங்கல. அங்க மட்டும் ஏன் நடுங்குச்சுன்னு தெரியல." கையைக் கம்பிக்குள் விட்டுக் காட்டினாள். "பாருங்க."

பார்த்தேன். விரல்கள் அசையாமல் இருந்தன. "குழந்தை ராத்திரி தூங்க விடுதா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவ எந்திரிப்பா. அதனாலதான்னு எங்க வீட்டுக்காரரும் சொல்லுதாரு" என்றாள்.

அவள் போன பிறகு ஒரு மணி நேரம் எந்த வேலையும் ஓடவில்லை. ஏற்கெனவே துடைத்த ரைபிளை எடுத்துத் திரும்பத் துடைத்தேன்.

30 ஜூன், திங்கள்

செண்பகவல்லியை டிரெஷரி கார்டு டூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்கக் கருவூலக் கதவைப் பார்த்துக்கொண்டு ரைபிளோடு நிற்கிற வேலை.

2 ஜூலை, புதன்

சோதனைக்குக் கொடுத்த பிஸ்டல் உறையையும் காது மூடியையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். மேஜையில் மூன்று பிஸ்டலும் இருந்தன. வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் ஆ-வையே பார்த்தாள்.

"கோடு அன்னைக்கு மெரூன்லயில்லா இருந்துச்சு ஏட்டய்யா?"

"எல்லாத்துக்கும் புதுசா போட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்த மாதிரி வந்துவிட்டது.

அ-வும் இ-யும் பக்கத்திலேயே கிடந்தன. அவற்றின் திருகாணிகளில் பழைய மெரூன் கோடு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, "வாரேன் ஏட்டய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எப்போதும் வாசலில் செருப்பை மாட்டும்போது ஏதாவது பேசிக்கொண்டே மாட்டுவாள். இன்று பேசவில்லை.

பொய்யில்கூட எனக்குக் கைத்திறமை போதவில்லை. பக்கத்தில் சாட்சி இரண்டு படுத்திருக்கும்போதா சொல்வது?

6 ஜூலை, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. யாருக்காவது செய்த தப்பைத் தீர்க்காமல் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால் போய் முழங்காலிடக் கூடாது என்பது சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது. எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. பியூலா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். மத்தியானம் சோறு போடும்போதுதான், "முழங்கால் வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். இது இரண்டாவது பொய்.

7 ஜூலை, திங்கள்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். 'ஆ பரிந்துரைக்கப்படுகிறது. சோதனையின்போது ஆயுதத்தில் குறை ஏதும் காணப்படவில்லை.' இரண்டாவது வாக்கியத்தை அய்யா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியது என் கைதான். இது மூன்றாவது.

11 ஜூலை, வெள்ளி

டிரெஷரி கார்டுக்குக் குண்டு மாற்றிக் கொடுக்கப் போனேன். வருடத்துக்கு ஒரு தடவை பழைய குண்டை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவள் என்ன சொல்வாள் என்று ஒன்பது நாளாகக் காத்துக்கொண்டிருந்தது எனக்கே சகிக்கவில்லை. அய்யாவிடம் புகார் போகும், என்னைக் கூப்பிடுவார்கள் என்று தினமும் நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

குண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் யாருமில்லை.

"அய்யாகிட்ட சொல்லலியாம்மா?" என்று நானேதான் கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு மூணாவது பத்துல புள்ளி கண்ணாடிக்குள்ள துள்ளுத மாதிரி இருந்துச்சு. கையத் தூக்கலாமான்னு திரும்பி உங்களத்தான் பாத்தேன். நீங்க தலையாட்டுனீக. ஏட்டய்யாவே சுடச் சொல்லிட்டாகன்னா என் கண்ணுலதான் தப்புன்னு நெனச்சேன்."

இனி இந்த டைரியிலும் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை. எழுதிவிடுகிறேன்.

ரேஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. சுடும்போது துப்பாக்கியில் கோளாறு என்று தோன்றினால், சுடுகிறவர் கையைத் தூக்க வேண்டும். ஆயுத அறையைப் பார்க்கிற ஆர்மரர் போய்ப் பார்ப்பார். கோளாறு உண்மையென்றால் அந்தச் சுற்று செல்லாது, திரும்பச் சுடலாம். கோளாறு இல்லையென்று ஆர்மரர் சொல்லிவிட்டால் வீண் தூக்கலுக்குப் பத்து மார்க் போய்விடும். அதனால் நல்லவர்கள் கையைத் தூக்குவதற்கு முன்னால் ஆர்மரர் முகத்தைப் பார்ப்பார்கள். விதியில் எழுதாத வழக்கம். எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்தக் கணமே தெரியும். முதல் பத்து மொத்தமும் உள்ளே, அதற்குப் பிறகு எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து நகர்ந்து போயின. கை நடுங்கினால் குண்டு நாலா பக்கமும் சிதறும், ஒரே பக்கம் ஊர்ந்து போகாது. காற்று என்று எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து மீட்டரில் பிஸ்டல் குண்டைக் காற்று ஒன்றும் செய்யாது. முதல் வருட ரெக்ரூட்டுக்குத் தெரிந்த விஷயம். டிக் கேட்காத திருகாணி என் கண் முன்னால் வந்து நின்றது. பின்னால் இன்ஸ்பெக்டர் அட்டையோடு நின்றார், பக்கத்தில் அய்யா. 'மாட்டி முடித்தாயிற்று' என்று கோடு போட்டுப் போட்டோவுக்குக் கொடுத்தவன் நான். அவள் திரும்பினாள். நான் தலையாட்டினேன். காது மூடியில் ஒரு கோளாறும் இல்லை.

சாயங்காலம் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். கோடு இரண்டாக உடைந்திருந்தது. திருகாணியில் பாதி, தகட்டில் பாதி. பியூலாவின் ரிமூவரால் துடைத்தேன். பசை வைத்தேன். முறுக்கினேன். டிக் என்று கேட்டது. நாற்பது குண்டு பிந்தி. மறுநாள் மகாராஜன் அதே துப்பாக்கியில் முப்பத்தொன்பது எடுத்து, 'கோளாறு அந்தப் பெண்ணின் கையில்' என்று அய்யாவை நம்பவைத்தான். அவனுக்குத் தெரியாமல் அவனையும் என் பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டேன்.

கோடு போட மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோடு இல்லாத திருகாணியை நானே இரண்டாம் தடவை பார்த்திருப்பேன். கோடு இருந்ததால் பதினேழாம் தேதி டிரைவர் கைக்கு வந்தும் ஆ-வை எடுக்கவில்லை. என் அடையாளத்தை நானே நம்பிவிட்டேன்.

பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள செங்கலப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அப்பவும் சும்மாதான் இருந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

14 ஜூலை, திங்கள்

அய்யாவிடம் சொன்னேன். நின்றபடியே, தேதி வாரியாக. கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஃபைல் போய் ஒரு வாரமாச்சு ஏட்டு. அணி லிஸ்டும் வியாழக்கிழமையே போயாச்சு. இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"அந்தப் புள்ளைக்கு அய்யா."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். போட்டோ எடுக்க அவசரப்படுத்துனது நான்தான்னு வரும். உமக்கும் மெமோ வரும். இருபத்திரண்டு வருசத்துல உம்ம மேல ஒரு வரி கிடையாது. யோசிச்சுப் பாரும்."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் அறையிலிருந்து ஆயுத அறைக்கு நடந்த தூரம் முழுக்க, இத்தோடு விட்டுவிடலாம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்றுதான் நினைத்தேன்.

15 ஜூலை, செவ்வாய்

போலீசில் ரவுடிக்கும் ஹிஸ்டரி ஷீட் உண்டு, துப்பாக்கிக்கும் உண்டு. எத்தனை குண்டு சுட்டது, என்ன பழுது, யார் சரிசெய்தது எல்லாம் அதில் ஏறும். ஆர்மரர் மட்டும்தான் எழுதலாம். எழுதியதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. துப்பாக்கி எங்கே போனாலும் அந்தத் தாள் கூடவே போகும். மாதிரித் துப்பாக்கிகளுக்கும் தற்காலிகமாக ஒன்று போட்டிருந்தோம்.

ஆ-வின் தாளில் எழுதினேன்.

'16.6: டாட் சைட் திருகாணி பசையின்றி, முறுக்களவின்றிப் பொருத்தப்பட்டது. முறைப்படி இறுக்காமலே அடையாளக் கோடு இடப்பட்டது. 19.6: சுடும்போது திருகாணி தளர்ந்தது. ஆர்மரர் அறிந்தும் நிறுத்தவில்லை. அன்று மாலை தெரிவிக்காமல் சரிசெய்யப்பட்டது. பொறுப்பு: தலைமைக் காவலர் சா. ஞானதுரை.'

தாளை அய்யா மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார். கடைசியில், "இனிமே இத நான் பாக்கலன்னு சொல்ல முடியாது, இல்லையா?" என்றார்.

"முடியாது அய்யா."

"போம்."

18 ஜூலை, வெள்ளி

மெமோ வந்தது. ஆயுத அறைச் சாவியை இருபத்திரண்டாம் தேதி மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். பியூலா மீன் குழம்பு வைத்திருந்தாள். என் தட்டில் இரண்டு துண்டு போட்டாள். பேசவில்லை, ஆனால் இரண்டு துண்டு.

22 ஜூலை, செவ்வாய்

அய்யா மறுசோதனை போட்டுவிட்டார். அவர் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் எல்லாம் போய்விட்டது. செண்பகவல்லிக்கு அதே துப்பாக்கி, அதே நாற்பது குண்டு. நான் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சரிதான்.

அவளே சைட்டைக் கழற்றினாள். அவளே பசை வைத்தாள். முறுக்களவு டிரைவரைத் திருப்பினாள். இரண்டு திருகாணிக்கும் டிக் கேட்டது. கோடு போட பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை. மகாராஜனைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஒரு தரம் முறுக்கிப் பாத்துட்டு நீங்களே கோடு போடுங்க" என்றாள். அய்யா அதைப் பார்த்துக்கொண்டே நின்று, இனிமேல் முறுக்குகிறவர் ஒருவர், கோடு போடுகிறவர் வேறொருவர் என்று அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. பசை காய வேண்டுமென்று பொறுத்திருந்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சுட்டாள்.

அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். காது மூடி போட்டிருந்தேன். ஒவ்வொரு பத்து முடியும்போதும், இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவே இல்லை.

நாற்பதும் உள்ளே.

அய்யா அங்கிருந்தே தலைமையகத்துக்குப் போன் போட்டார். நடந்துகொண்டே பேசினார், கையை ஆட்டிப் பேசினார், ஒரு கட்டத்தில் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டு வந்து, "லிஸ்ட் முடிஞ்சு போச்சாம். அடுத்த வருசம்தானாம்மா" என்றார். செண்பகவல்லி, "சரிங்கய்யா" என்றாள். என்னால் ஏற்பட்டதில் திருப்பிக் கொடுக்க முடியாத பாகம் அதுதான்.

துப்பாக்கியை என் முன்னால் மேஜையில் வைத்தாள். சாவி ஒப்படைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சுட்ட குண்டுக் கணக்கைத் தாளில் ஏற்றுகிற கடமை அதுவரை எனக்குத்தான்.

"எழுதுங்க ஏட்டய்யா."

'22.7: நாற்பது குண்டுகள். பழுது இல்லை' என்று எழுதினேன்.

"என் பேரு?"

"இதுல ஆள் பேரு எழுதுற பழக்கமில்லம்மா. துப்பாக்கியப் பத்தி மட்டும்தான்."

"அன்னைக்கு என் கையப் பத்தி எல்லாரும் எழுதுனாகள்ல. இதுலயும் எழுதுங்க."

எழுதினேன். 'சுட்டவர்: பெண் காவலர் மு. செண்பகவல்லி. நாற்பதுக்கு நாற்பது. கை நடுக்கம் இல்லை. 19.6 அன்றும் இருந்ததில்லை.' குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி வரியை விரலால் தொட்டு, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க நேரமாகிவிட்டதென்று அவசரமாகப் போய்விட்டாள். என்னை மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நாளையிலிருந்து எனக்கு டிரெஷரி கார்டு. காலை ஷிப்ட் முடித்து அவள் போகும்போது ரைபிளை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் கொடுக்கிறவர் முன்னாலேயே திறந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் தருவதை நான் பார்ப்பேன். மறுநாள் நான் தருவதை அவள் பார்ப்பாள். நன்றாகவே பார்க்கட்டும்.

முதல் ஞாயிறு. எங்கள் வரிசை எழுந்தது. பியூலா எழுந்து என் பக்கம் கையை நீட்டியபடி நின்றாள். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கம்பிக்குள் கையை நீட்டிக் காட்டியதுதான் ஞாபகம் வந்தது.

"நீ போயிட்டு வா" என்றேன்.